கெண்டைப்பொடி வளர்த்த அமிர்தநாதன்

ஆயத்தக்காரர் என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. எந்தக் காரியத்துக்கும் இவர்களைப் போலத் தயாராக இருப்பவர் கிடையாது. காரியம்தான் நடக்காது. சந்தேகமா? நெய்வேலி டவுன்ஷிப் அமிர்தநாதனைப் பாருங்கள்.

சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை, ஜெனரல் ஷிஃப்ட். 2016-இல் அவருக்குத் தூண்டில் போட்டு விரால் பிடிக்கும் ஆசை வந்தது. நீங்களும் நானும் என்றால் ஏரிக்குப் போயிருப்போம். அவர் யூட்யூபுக்குப் போனார். மடக்குக் கம்பு வாங்கி, நான்கு அளவில் முள் வாங்கி, மூன்று நிறத்தில் தக்கை வாங்கி, விராலுக்கு உயிரோடு துள்ளும் கெண்டைப்பொடிதான் இரை என்று தெரிந்துகொண்டு, முத்தாண்டிக்குப்பம் குட்டையிலிருந்து நாற்பது குஞ்சுகளைக் கொண்டுவந்து, குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நீல டிரம்மில் விட்டு, பிண்ணாக்குப் போட்டு வளர்த்தார். ஏரிக்குப் போனாரா?

"தண்ணி சூடா இருக்கு."

மழை பெய்தது.

"இப்ப கலங்கியிருக்கும்."

தெளிந்தது.

"தெளிஞ்ச தண்ணியில மீனு நம்மளப் பாத்துடும்."

எட்டு மாதம்! இரைகள் கொழுத்தன.

ஒருநாள் மனைவி மேரிசெல்வி, "ஞாயித்துக்கிழம திருவதிகையிலேருந்து எங்க அண்ணன் வருது. கறி எடுத்துகினு வாங்க" என்றாள்.

"கறி எதுக்கு? விரால் குழம்பு வைப்போம்" என்று வாயை விட்டுவிட்டார் அமிர்தநாதன். அவள் அப்போதே அண்ணன் ஜாஸ்பருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இனித் தப்ப வழியில்லை.

ஞாயிறு விடியலில் குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஏரிக்கரையில், நாற்பதையும் அள்ளிப்போட்ட பக்கெட்டோடு உட்கார்ந்தார். இரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுக்கு வால் மெலிவு. ஒன்று சோம்பேறி. இன்னொன்று அவர் விரலைச் செல்லமாகக் கடித்தது. அதை எப்படி முள்ளில் குத்துவது?

பக்கத்தில் மூங்கில் கம்போடு இருந்த தனகோட்டிக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு மணி நேரமா பக்கெட்டயே பாத்துகினு இருக்கீங்களே சார்! எனக்கு ஒண்ணு குடுங்க" என்று கையை விட்டு, அகப்பட்டதை எடுத்து, முதுகில் முள்ளைக் கோத்து வீசினான்.

"அப்படிக் குத்தக் கூடாதுங்க, நாப்பத்தஞ்சு டிகிரியில…" என்று அமிர்தநாதன் விளக்கி முடிப்பதற்குள் தக்கை உள்ளே போய்விட்டது. முழங்கை நீள விரால் கரையில் துள்ளியது.

அமிர்தநாதனின் கை தானாகப் பக்கெட்டுக்குள் போனது. பிறகு மெல்ல வெளியே வந்தது.

"காத்து திரும்பிடுச்சு" என்றார்.

"எர உங்களுதுதான சார், இத எடுத்துகினு போங்க" என்று தனகோட்டி விராலை நீட்டினான். வாங்கிக்கொள்ள மானம் விடவில்லை.

மேரிசெல்வி பக்கெட்டை எட்டிப் பார்த்தாள். அரைத்து வைத்த மசாலாவை வீணாக்காமல், முப்பத்தொன்பதையும் கழுவிப் புரட்டி எண்ணெயில் போட்டாள்.

"மாப்ள, இப்படியொரு கெண்டைய நான் தின்னதே இல்ல! எப்புடிப் புடிச்சீங்க?" என்று ஜாஸ்பர் விரலைச் சூப்பினார். அமிர்தநாதன் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒன்றைக்கூடத் தொடவில்லை. சாப்பாடு முடிந்ததும் போனை எடுத்து, இன்னும் பெரிய டிரம் என்ன விலை என்று பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று எதையோ தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்களே, அது என்ன?