இருபது ஆண்டுக்காரர்

மே 18, சனிக்கிழமை. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் காலையில் தூறல், நண்பகலில் வெயில், பிறகு இரண்டும் ஒன்றாக.

மனித குலத்தில் ‘இருபது ஆண்டுக்காரர்’ என்றோர் உட்பிரிவு உண்டு, வாசகரே. எங்கள் ஊர் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் லெனார்ட் பிம்லட் அதன் கலப்பற்ற மாதிரி. அணுக்கருக்களை இணைத்து, ஒரு குட்டிச் சூரியனை இரும்புக் கூட்டுக்குள் மூட்டி, அதிலிருந்து நாட்டுக்கெல்லாம் மின்சாரம் எடுப்பது அவர் பணி. எப்போது எடுப்பார்? இன்னும் இருபது ஆண்டுகளில். நான் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தபோதும் இருபது. ஓய்வு பெற்றபோதும் இருபது. அதையும் புது மாப்பிள்ளையின் பூரிப்போடு சொல்வார்!

அன்று அமைச்சர் திருமதி வின்ட்ரிங்கம் வந்திருந்தார். எந்திரம் ஒளிர்ந்தால் அரசு நிதி தொடரும். இல்லையேல் கூடத்துக்குப் பூட்டு. ஊரின் சார்பில் நானும் நின்றேன். எந்திரம் ஒளிர்வது சில நொடிகளே. அதற்கோ ஒரு நகரத்தின் மின்சாரம் வேண்டும். ஆதலால் ஒவ்வொரு முறையும் மின்வாரியத்தைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி பெறுவது வழக்கம். காற்பந்தே பாராத நம் டாக்டர் குறித்திருந்த நேரமோ, கோப்பை இறுதியாட்டத்தின் இடைவேளை!

“என்ன லென், விளையாடுறியா?” ஒலிபெருக்கியில் மின்வாரிய அதிகாரி அலறினார். “ஹாஃப் டைம்னு நாடே டீக்குக் கரண்ட் கெட்டில் போட்டிருக்கு! மொதல்ல டீ கொதிக்கட்டும், அப்புறம் உன் சூரியன்!”

அமைச்சர் புருவத்தை உயர்த்தினார். “நாட்டுக்கே கரண்ட் குடுக்கப்போற மெஷின், டீ கொதிக்கிற வரைக்கும் காத்திருக்கணுமா டாக்டர்?”

“ஆமா மேடம். நாமளும் ஒரு டீ குடிச்சிடலாமே?”

குடித்தோம். அமைச்சரின் பிஸ்கட் தேநீரில் உடைந்து மூழ்கிய அதே நொடியில் மின்வாரியத்திலிருந்து தொலைபேசி மணி அடித்தது. “ஆட்டம் ஆரம்பிச்சாச்சு, போடு!”

திரையில் ரோஜா நிறத்தில் ஓர் ஒளிவளையம் பூத்தது, சுழன்றது, அணைந்தது. அமைச்சர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து கைதட்டினார். “இன்னொரு தடவை! அது சரி, இதுலேர்ந்து கரண்ட் எப்போ வரும்?”

“இருபது வருஷத்துல, மேடம்.”

“எங்கப்பா அமைச்சரா இருந்தப்பவும் இதையேதானே சொன்னீங்க?”

“பாத்தீங்களா? எங்க கணக்கு மாறினதே இல்ல!”

அமைச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நிதி தொடர்ந்தது.

நீங்கள் சிரிக்காதீர்கள். ‘தை பிறக்கட்டும், தினமும் நடக்கப் போகிறேன்’ என்று எத்தனை தைகளாகச் சொல்லி வருகிறீர்கள்? டாக்டராவது ஆண்டுக்குச் சில நொடி எந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறார். உங்கள் புதுச் செருப்பு பெட்டியை விட்டு வெளியே வந்ததுண்டா?

அமைச்சரின் கார் புறப்பட்டதும் கேட்டேன்: “அதென்ன டாக்டர், எப்பவும் இருபது?”

“பத்துன்னா வந்து பாத்துடுவாங்க சார். முப்பதுன்னா காசு தரமாட்டாங்க.”