டெஸ்பா இன்னும் சிரிக்கவில்லை

சின்லி, அரிசோனா
செப்டம்பர் 6

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா ரொலாண்டாவுக்கு,

தங்கை வெர்லிண்டா எழுதிக்கொள்வது. நான், டெரல், குழந்தை டெஸ்பா, நாய் உட்பட இங்கு எல்லோரும் நலம். மொன்டானா மலையில் காட்டுத்தீயோடு மல்லுக்கட்டும் நீயும் உன் குழுவினரும் நல்ல காற்றைச் சுவாசித்து, காய்ந்த காலுறை போட்டு, நலமாயிருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. தாமதத்துக்குக் கோபிக்காதே. இரண்டு கையும் ஒரே நேரத்தில் சும்மா இருப்பது என்பது எனக்கு இப்போது ஏப்ரலுக்கு முந்தைய கதை.

"பிள்ளை என்னடி பண்றா, ஒண்ணு விடாம எழுது" என்று கேட்டிருந்தாய். கேட்டது தப்பு. நான் தனி நோட்டே போட்டிருக்கிறேன். தலை நிற்கிறது. ஆட்டுத்தோல் விரிப்பில் குப்புற விழுகிறாள்; விழுந்துவிட்டு, யார் தள்ளியது என்பதுபோல் சுற்றிப் பார்க்கிறாள். போன மாதம் தன் வலது கையைக் கண்டுபிடித்தாள். முகத்துக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பி, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் ஒரு மணி நேரம் பார்த்தாள். இடது கையைக் கண்டுபிடிக்க இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அது யாருடையது என்று நினைத்திருப்பாள்? கல்லூரியில் நாலு வருடம் உயிரியல் படித்தேன், இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

எல்லாம் சரி அக்கா, ஒன்றுதான் இல்லை. நாலரை மாதம் முடிந்துவிட்டது, டெஸ்பா இன்னும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. புன்னகை உண்டு, தாராளமாக உண்டு. சத்தம் வரவில்லை.

இதில் என் பங்கும் இருக்கிறது, உன் பங்கும் இருக்கிறது. நம் குல வழக்கப்படி, முதன்முதலில் பிள்ளையைச் சிரிக்க வைக்கிறவர்தான் விருந்து போட வேண்டும், அவர் குணம்தான் பிள்ளைக்கு ஒட்டும் என்பது நான் சொல்லித்தானா உனக்குத் தெரிய வேண்டும்? வழியில் நின்ற யாரோ ஒருவனுக்கு உன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு லாரி ஓட்டி வந்தவள் நீ. அதனால் அவள் வயிற்றில் இருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், முதல் சிரிப்பு பெரியம்மாவுக்குத்தான் என்று. நீ ஜூலையில் வருகிறேன் என்றாய். பிறகு ஆகஸ்ட் என்றாய். இப்போது "தீ அடங்கட்டும், அக்டோபர்" என்கிறாய். நீ வரும்வரை இந்தப் பிள்ளையை யார் சிரிப்பிலிருந்தும் காப்பாற்ற வேண்டாமா? கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: 'உள்ளே குழந்தை இருக்கிறது. வேடிக்கை காட்டாதீர்கள்.' டெரலுக்குச் சிரிப்பு வந்தால் வெளியே போய் வண்டிக்குப் பின்னால் நின்று சிரித்து முடித்துவிட்டு வர வேண்டும் என்று சொன்னேன். மனிதன் அப்படியே செய்கிறான், பாவம். அக்கம்பக்கத்தில் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேச்சு.

பெரிய ஆபத்து டெரலின் அண்ணன் ஹார்லன். உனக்குத்தான் தெரியுமே, இரவல் வாங்கிய கடப்பாரையை நாலு வருடமாகத் திருப்பித் தராத ஆள், மூக்கை ஆட்டியே சாவு வீட்டிலும் சிரிப்பு மூட்டுவார். அவர் குணம் என் மகளுக்கு ஒட்டினால் என்ன ஆவது? வரக்கூடாது என்று சொல்ல முடியுமா, பெரியப்பா முறை. அதனால் குழந்தையைத் தூக்க வேண்டுமானால் வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு தூக்குங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, வேலைக்குப் போனாலும் இதத்தான் மாட்டணும், வீட்டுக்கு வந்தாலும் இதத்தான் மாட்டணுமா?" என்றார்.

"ரெண்டு இடத்துலயும் பாதுகாப்பு முக்கியம்" என்றேன்.

மாட்டிக்கொண்டார். டெஸ்பா அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, அதுவும் ஏதோ ஒரு கை என்பதுபோல் ஆராய்ந்தாள். ஒருநாள் மட்டும் அவர் உள்ளே வரும்போது 'ஹக்' என்று ஒரு சத்தம் போட்டாள். மூன்று நாள் விசாரணை நடந்தது.

"அது சிரிப்புதான், நான் சத்தியம் பண்றேன்" என்று ஹார்லன்.

"விருந்துக்கு ஆடு வெட்டணும்ணே, ஞாபகம் இருக்கா?" என்று டெரல்.

"அப்ப விக்கலா இருக்கும்" என்று ஹார்லன்.

விக்கல் என்றே நோட்டில் எழுதினேன்.

இப்படியே போயிருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை தடுப்பூசிக்குப் போனோம். அங்கே ஒரு படிவம் தருகிறார்கள்: தலை நிற்கிறதா, கண் பின்தொடர்கிறதா. 'உரக்கச் சிரிக்கிறதா?' என்ற இடத்தில் 'இன்னும் இல்லை' என்று குறித்தேன். நர்ஸ் திருமதி எட்சிட்டி, நம் ஆள்தான், படித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் கிலுகிலுப்பை ஆட்டினார், திரும்பினாள். விளக்கைக் காட்டினார், பார்த்தாள். டெஸ்பா அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள் பார், அந்த அம்மாள் சட்டென்று முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோச்சுக்காதம்மா. ஊசி போடுற கையினு பேரு, ஆனா இந்த வருசம் நாலு பிள்ளைங்க எங்கிட்ட சிரிச்சு வச்சிருச்சு. நாலு விருந்து. எங்க வீட்டுக்காரரு இதுக்கு மேல தாங்க மாட்டாரு" என்றார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "வீட்ல யாரு சிரிப்பா?" என்று கேட்டார்.

"வண்டிக்குப் பின்னாடி இவங்கப்பா சிரிப்பாரு" என்றேன்.

"நீ?"

நான் நோட்டைப் புரட்டினேன் அக்கா. அவள் சிரித்துவிடுவாளோ என்ற பயத்தில், நான் கடைசியாக அவள் முன்னால் எப்போது சிரித்தேன் என்பது நோட்டில்கூட இல்லை. யாரும் சிரித்துக் காட்டாமல் சிரிப்பு வருமா, அல்லது அது பல் மாதிரி தானே முளைக்குமா? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. செப்டம்பர் 22 அன்று டாக்டர் மறுபடி பார்க்கிறார். அதற்குள் சிரிக்கவில்லை என்றால் ஃபீனிக்ஸில் பெரிய டாக்டரிடம் அனுப்புவார்களாம். அதனால், அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன்: தீயை வேறு யாரிடமாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருபதாம் தேதிக்குள் வந்துவிடு. ரெண்டு நாள் போதும். கதவுத்தாளை இன்னும் கிழிக்கவில்லை, உனக்காகத்தான்.

நம் புனித மலைகள் நான்கும் உன்னைக் காக்கட்டும். உன் குழுவில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். டெரல் வணக்கம் சொல்லச் சொன்னான், வெளியே இருந்து.

உன் அன்புத் தங்கை,
வெர்லிண்டா

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு, வர வேண்டாம். இந்தக் கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ஒட்டுவதற்காக நாக்கால் நக்கினேன். பசை ஒரே கசப்பு. என் முகம் என்ன ஆனதோ தெரியாது, தொட்டிலில் இருந்து ஒரு சத்தம். பாட்டிலில் இருந்து தண்ணீரைக் கவிழ்த்தால் வருமே, அதுபோல. வயிறு குலுங்கியது. விக்கல் இல்லை. சரிபார்க்க இன்னும் ஆறு உறை நக்கினேன், ஆறுக்கும் சிரித்தாள், கடைசி உறைக்கு நானும் சிரித்துவிட்டேன். ஹார்லன் ஓடி வந்து முகமூடியைக் கழற்றி மூக்கை ஆட்டினார், அதற்கும் சிரித்தாள். இப்போது நாய் வந்தாலும் சிரிக்கிறாள். ஆக விருந்து என்னுடையது, என் குணம்தான் அவளுக்கு, கடவுளே.

நேற்று விருந்தும் முடிந்தது. அதனால்தான் கடிதம் இன்னும் இங்கேயே கிடக்கிறது. கொடுக்கும் குணம் வளரட்டும் என்று, வழக்கப்படி அவள் கையைப் பிடித்து எல்லோருக்கும் உப்புக்கல் கொடுக்க வைத்தேன், ஒழுங்காகக் கொடுத்தாள். உன் பங்கை மட்டும் விடவே மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாகப் பிரித்து எடுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். ஈரமாக இருந்தால் அது அவள் எச்சில். ஒன்று கேட்க வேண்டும் அக்கா: இந்த இறுக்கிப் பிடிக்கும் குணம் எங்கிருந்து வந்திருக்கும்? நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.