இரண்டு விநாடிச் சத்தம்

தன் காரின் சாவியைப் பாதி திருப்பிவிட்டு டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் 'ஙொய்'யென்று இரண்டு விநாடி ஓடவேண்டும். பிறகுதான் ஸ்டார்ட் செய்யவேண்டும். சத்தம் வரவில்லை.

பத்து மணிக்கு பஸ் கம்பெனி டாக்டர் முன்னால் நிற்கவேண்டும். கண், காது, ரத்த அழுத்தம். தேறினால் இன்னும் ஐந்து வருடம் ஸ்டியரிங். தவறினால் இன்றோடு சரி. அழுத்தம் ஒன்றுதான் அவருக்குப் பயம். பத்து நாளாக உப்பைக் குறைத்து, மனைவியிடம்கூடக் கோபப்படாமல் காத்து வந்திருந்தார். மணி எட்டே முக்கால்.

"சும்மா ஸ்டார்ட் பண்ணித்தான் பாருங்களேன்!" மனைவி ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"போன வருஷம் டேங்கைக் காயப்போட்டு ஓட்டித்தான் ஒரு பம்பை எரிச்சேன். பெட்ரோல்ல முங்கியிருந்தாத்தான் அது சூடாகாது. இப்ப பாதி டேங்குக்குக் கீழ இறங்க விடறதில்ல. சத்தம் கேக்காம சாவியை முழுசாத் திருப்பக் கூடாதுன்னு மெக்கானிக் சொல்லியிருக்கான்."

"டாக்ஸி கூப்பிடட்டுமா?"

"இருபத்தாறு வருஷ டிரைவர் டாக்ஸில போய் இறங்கறதா? அதுக்கு வேலையை விட்டுடலாம்."

ஹாரனுக்கு மின்சாரம் விடும் ரிலேயைப் பிடுங்கிப் பம்புக்கு மாட்டினார். சத்தம் இல்லை. பம்ப் ரிலேயை ஹாரனுக்கு மாட்டி அழுத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. ஆக ரிலே இரண்டும் நல்லவை, போனது பம்ப்தான்.

மோட்டார் சிக்கியிருந்தால் தட்டினால் ஓடும் என்று காருக்கு அடியில் படுத்து, ரப்பர் சுத்தியலால் டேங்கைத் தட்டினார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. பின்சீட்டைக் கழற்றி, பம்புக்குப் போகும் வயரை ஆட்டிப் பார்த்தார். கிளிப் உடைந்து கையோடு வந்தது.

"எத்தனை தடவைங்க கூப்பிடறது?" மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"கூப்பிடறவ வாயைத் திறந்து கூப்பிடணும்."

"மெக்கானிக்குக்கு போன் பண்ணிட்டேன். வேற சட்டை எடுத்து வைக்கிறேன். கோபப்படாதீங்க, ஏறிடும்."

"கோபமா? எனக்கா?" என்று உறுமினார். நெற்றிப்பொட்டு விண்விண்ணென்றது.

ஒன்பது இருபதுக்கு மெக்கானிக் வந்தான். கிளிப் உடைந்த வயரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "திருப்புங்கண்ணே" என்றான்.

திருப்பினார். "பார்த்தியா? மூச்சு பேச்சு இல்ல."

"இன்னொரு தடவை."

திருப்பினார். கண் கலங்கிவிட்டது. "அவ்வளவுதாம்பா. என் பொழப்பு போச்சு."

மெக்கானிக் கையிலிருந்த வயரைப் பார்த்தான். மாற்றுச் சட்டையோடு வந்து நின்ற மனைவியைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். பிறகு டிரைவர் அருகே வந்து, குரலை நன்றாக உயர்த்திக் கேட்டான்:

"அண்ணே, பம்ப் ரெண்டு தடவையும் நல்லாத்தான் கத்துச்சு... இன்னைக்கு டெஸ்ட்டுல காதும் உண்டா?"