மேட்டு வீட்டுக்கு ஒரு பேட்டரி வண்டி

கோயமுத்தூரை மலை ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் வீட்டுக்கு ஒரு தடவை வந்து போனவர்கள் சொல்வார்கள்.

மருதமலை அடிவாரத்தில் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சைட் வாங்கினேன். விற்றவர், "மலைக்காத்து சும்மா சிலுசிலுன்னு வருமுங்க" என்றார். காற்று வருகிறது. வேறு எதுவும் வருவதில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து என் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர், அத்தனையும் மேடு. கேஸ் சிலிண்டர்காரர் கீழேயே நின்று ஃபோன் போடுகிறார். சொந்தக்காரர்கள், "அடுத்த தடவை ஏதாச்சும் கல்யாண மண்டபத்துல பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

என் பெயர் தமிழ்ச்செல்வன். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் சூப்பர்வைசர். எந்த மோட்டார் எத்தனை அடி உயரத்துக்குத் தண்ணீர் தூக்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். வீட்டில்தான் என் கணிப்பு எடுபடாது. காரணம், மனைவி பொற்கொடி. வடவள்ளி தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஏழு மணிக்கு டூட்டி. போகும்போது இறக்கம், அது பிரச்சினை இல்லை. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அந்த மேட்டை ஏறி வருவாள். வந்ததும் ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கும், பேசமாட்டாள். வீட்டில் எனக்குக் கிடைக்கும் ஒரே அமைதி அதுதான் என்று ஒருநாள் அவளிடமே சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு ராத்திரி உப்புமா.

போன மாதம் என்னுடைய பழைய பெட்ரோல் வண்டி அதே மேட்டில் பாதியில் நின்றது. மெக்கானிக் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். நான் உடனே ஒரு முடிவுக்கு வந்தேன். பேட்டரி வண்டி வாங்குவது. யாரையும் கேட்கப்போவதில்லை. பொற்கொடியை மட்டும் கேட்டுவிட்டு வாங்குவது.

"வாங்கலாமுங்க. யாருக்குங்க வண்டி?" என்றாள்.

"இதென்ன கேள்வி? எனக்குத்தான். நான் வேலைக்குப் போக வேண்டாமா?"

"நானும் வேலைக்குத்தானுங்க போறேன். கோயிலுக்கா போறேன்?"

"உன்னைய நான் கொண்டுபோய் உட்டுடறேன் கண்ணு."

"ஆறே காலுக்குங்களா?"

அந்த நேரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. என் கம்பெனி ஒன்பது மணிக்கு. "பழகிக்கறேன்" என்றேன்.

"பதினாறு வருசமா எந்திரிக்காதவரு வண்டி வந்தா எந்திரிச்சிருவீங்களா? வண்டிக்கு மோட்டார் வெச்சிருப்பாங்க. உங்களுக்குமா வெச்சுக் குடுப்பாங்க?"

அவள் மேடேறி வருவதைப் பார்க்கும்போது எனக்கும் பாவமாகத்தான் இருக்கும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாவம் வேறு, வண்டி வேறு.

ஷோரூம் வைத்திருக்கும் யூனுஸ் நல்ல மனுஷர். எங்களுக்கு முதலில் ஒரு சின்ன வண்டியைக் காட்டினார். லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், விலையும் சல்லிசு. "எல்லாருக்கும் ஏத்த வண்டிங்க" என்றார்.

"மேட்டுக்கு ஏத்த வண்டிங்களா?" என்றாள் பொற்கொடி.

"ஏறுமுங்க."

"அப்ப எங்க ஊட்டுக்கே கொண்டாந்து காட்டுங்க."

கொண்டுவந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். முதல் திருப்பம் வரை வண்டி ஏறியது. இரண்டாவது திருப்பத்தில் நான் இறங்கினேன். மூன்றாவதில் யூனுஸும் இறங்கினார். அதற்குமேல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை ஏற்றினோம். வாசலில் நின்றிருந்த பொற்கொடி இரண்டு சொம்பு தண்ணீரோடு வந்தாள். "ஏறிருச்சுங்களே" என்றாள்.

மறுநாள் யூனுஸ் இரண்டு வண்டிகளோடு வந்தார். ஒன்று கறுப்பு. இன்னொன்று வெளிர்பச்சை. இரண்டுமே எங்கள் கைக்கு எட்டுகிற விலைதான். கறுப்பு வண்டியில் டிவி மாதிரி ஒரு டிஸ்ப்ளே. பட்டனை அமுக்கினால் ஸ்போர்ட்ஸ் மோடு. நான் அமுக்கினேன். மேட்டில் ஒரே பாய்ச்சல். நாற்பத்தெட்டு வயதில் என் தலைமுடி, இருக்கிற வரைக்கும், பறந்தது. மேலே வந்து பார்த்தால் எண்பதில் இருந்த சார்ஜ் எழுபத்தொன்றுக்கு வந்திருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பொற்கொடி எட்டிப் பார்த்துவிட்டாள்.

பச்சை வண்டியை அவளே ஓட்டினாள். பின்னால் என்னை உட்காரவைத்தாள். என் மடியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை. நடு மேட்டில் வேண்டுமென்றே பிரேக் பிடித்து நிறுத்தி, பிரேக்கை விட்டும் பார்த்தாள். வண்டி பின்னால் உருளவில்லை, அப்படியே நின்றது. மறுபடி முறுக்கினாள், முணுமுணுக்காமல் ஏறியது. சார்ஜ் நாலே நாலு குறைந்திருந்தது. சீட்டும் தாழ்வு, அவளுக்குக் கால் தரையில் எட்டியது. எனக்கு முட்டி ஹேண்டில் பாரில் இடித்தது.

மோட்டார் தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு உண்மை புரிந்துவிட்டது. பச்சைதான் வண்டி. ஆனால் மனசு கறுப்பிலேயே உட்கார்ந்திருந்தது. இறங்க மறுத்தது.

மூன்று நாள் சண்டை. "உங்க கம்பெனிக்கு நேரா பஸ் இருக்குதுங்க. எனக்கு ரெண்டு பஸ் மாறோணும்" என்றாள் அவள். "பஸ்ஸுல போனா சட்டை கசங்குது" என்றேன் நான். "தேச்சுக் குடுக்கறது நான்தானுங்களே, நான் எதாச்சும் சொன்னனா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கம் ஒரு காரியம் இழுபறியாக இருந்தால் சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம், இரண்டையும் சாமி முன்னால் வைத்து, கேள்வியைச் சொல்லி, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. கிணறு வெட்டவும் கேட்பார்கள், பெண் பார்க்கவும் கேட்பார்கள். எங்கள் கல்யாணத்துக்கும் கேட்டார்கள். வெள்ளை வந்தது. அதைப் பற்றி இங்கே நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

"மாகாளியம்மன் கோயில்ல பூ கேட்டுப்போடலாம்" என்றேன்.

பொற்கொடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா சொல்லறீங்க? நெத்தியில திருநீறு வெச்சா வேர்க்குதும்பீங்க."

"குடும்பத்துல ஒத்துமை முக்கியம் அம்மணி. கறுப்பு வண்டியை எடுக்கலாமான்னு கேப்போம். ஆத்தா சொன்னா சரி."

"சரிங்க. நீங்க பூவைக் கட்டுங்க. நான் ஆத்தாகிட்டக் கேக்கறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம். வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்துக்குப் போனேன். நந்தியாவட்டையில் இரண்டு பூ பறித்தேன். இரண்டும் வெள்ளை. செவ்வரளிப் பக்கமே போகவில்லை. வாழை இலையில் இரண்டு பொட்டணமாக மடித்து நூல் சுற்றினேன். இனி எதை எடுத்தாலும் வெள்ளைதான். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கோயிலில் பூசாரி லட்சுமணசாமி பொட்டணங்களை வாங்கிக் குலுக்கி, அம்மன் காலடியில் வைத்தார். "மனசுல இருக்கறதை வாய்விட்டுச் சொல்லு அம்மணி" என்றார்.

பொற்கொடி கண்ணை மூடிக் கைகூப்பினாள். "ஆத்தா, அந்தப் பச்சை வண்டியை எம்பட பேர்ல எடுத்து, நானே வேலைக்கு ஓட்டீட்டுப் போறேன். இவுரு பஸ்ஸுல போவாரு. உனக்குச் சம்மதம்னா வெள்ளைப் பூ குடு."

"இரு இரு, கேள்வி அதில்லயே!" என்றேன்.

"கட்டறது நீங்க, கேக்கறது நானுன்னுதானுங்க பேச்சு."

"சாமி முன்னால சத்தம் போடாதப்பா" என்றார் பூசாரி. அவள் ஒரு பொட்டணத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார். நந்தியாவட்டை பளிச்சென்று சிரித்தது. "ஆத்தா மனசாரக் குடுத்துப்போட்டா!" என்று சொல்லி அவள் கையில் குங்குமத்தைக் கொட்டினார்.

நான் என்ன சொல்வது? இரண்டுமே வெள்ளை என்று சொன்னால் அம்மனையே ஏமாற்றப் பார்த்தவன் ஆவேன். பூசாரி வாய் சும்மா இருக்காது. சாயங்காலத்துக்குள் வடவள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே நான் கும்பிட்டேன். கும்பிட்டபடியே கையை நீட்டி, மிச்சமிருந்த பொட்டணத்தை எடுக்கப் போனேன். அதற்குள் பொற்கொடி எடுத்துவிட்டாள்.

"சாமி, இன்னொண்ணும் கேட்டுப்போடறேனுங்க. தெனமும் வண்டிக்குச் சார்ஜ் போடறதும், ஞாயித்துக்கிழமை கழுவித் தொடைக்கறதும் யாரு வேலைங்கறதையும் ஆத்தாவே சொல்லட்டும். இதுல செகப்பு இருந்தா நானே செய்யறேன். வெள்ளை இருந்தா இவுரு செய்யோணும்."

பூசாரி சிரித்தார். "என்ன அம்மணி இது? வெள்ளைதான் வந்திருச்சே. மிச்சம் இருக்கறது செகப்புத்தான? கேக்காமயே தோத்துப்போட்டயே!"

"தோத்தா தோக்கறேனுங்க. நீங்க பிரிங்க."

அவர் கையை நீட்டினார். நான் குறுக்கே விழுந்தேன். "பிரிக்க வேண்டாமுங்க சாமி! சார்ஜும் நானே போட்டுடறேன். கழுவறதும் நானே."

"ஏப்பா, செகப்புன்னா உனக்குத்தான ஜெயிப்பு?"

"இருந்தாலும் பரவாயில்லீங்க. பாவம், அவளும் எத்தனை வேலைதான் செய்வா?"

லட்சுமணசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்று என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். வேர்த்துக்கொண்டிருந்ததால் நன்றாக ஒட்டியது. பொற்கொடி பொட்டணத்தை அவருக்குக் கொடுக்கவும் இல்லை, என்னிடம் தரவும் இல்லை. நூல் முடிச்சில் கட்டை விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள் சாந்தமாக. "ராத்திரிப் பாத்தரம்?"

"அதையும் நானே கழுவிடறேனுங்க" என்றேன்.