டொமினிக்குக்காக ஒரு நன்றித் திருப்பலி

பெயர்களை வாங்கிப் போட்டே பணக்காரனாகிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். நிலம் வாங்கிப் போடுகிறவர்கள் நடுவே வளர்ந்தவனுக்கு நிலம் வாங்க வசதியில்லை என்றால் புத்தி இப்படித்தான் போகும்.

இணையத்தில் ஒரு முகவரிப் பெயர், அதாவது டொமைன், ஏறக்குறைய ஒரு மனைக்கட்டு மாதிரி. முதலில் பதிவு செய்தவருக்குப் பட்டா. வருடாவருடம் கிஸ்தி கட்டவேண்டும். என்றாவது ஒருநாள் அந்தப் பெயர்தான் வேண்டும் என்று ஒரு கம்பெனிக்காரன் தேடி வருவான். அவனிடம் வாய்க்கு வந்த விலை சொல்லலாம். தஞ்சாவூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்த நான், வருமானத்தில் பாதியை இந்த மனைகளில் போட்டேன். வரப்போகும் மேம்பாலங்களின் பெயர், வரவே வராத விமான நிலையத்தின் பெயர், பிரியாணி என்ற சொல்லைப் பலவிதமாக எழுதிய பெயர்கள். (ஒன்றுகூட விற்கவில்லை. பிரியாணி மீது மட்டும் இன்னும் ஒரு நப்பாசை.)

என் மனைவி ஸ்டெல்லா இதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?" பெண் பார்க்க வருகிறவர்களை விசாரிப்பது போலக் கேட்பாள்.

விற்பதற்கென்று வாங்காத பெயர் ஒன்றே ஒன்று இருந்தது. என் பெயரின் முன்பாதியையும் அவள் பெயரின் பின்பாதியையும் ஒட்டி, கல்யாணமான புதிதில் பதிவு செய்தது. எங்கள் கல்யாணப் புகைப்படங்களும், மகள் ஜெனி பிறந்தபோது ஸ்டெல்லா எழுதிய நாலு வரியும் அந்தப் பக்கத்தில் இருந்தன. என்ன பெயர் என்று இங்கே எழுதமாட்டேன். இப்போது அது வேறு யாருடையதோ. அவர்களுக்கு எதற்கு இலவச விளம்பரம்?

ஸ்டெல்லாவுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம் அது. சென்னையிலிருந்து வித்யா என்ற பெண் பேசினாள். டொமைன் விற்பனையில் தரகு வேலை பார்ப்பவள். எங்கள் பெயருக்கு எங்கோ ஒரு தேசத்து மொழியில் சுடச்சுட ரொட்டி என்று அர்த்தமாம். ரொட்டிக்காரர் ஒருவர் அதை விலைக்குக் கேட்கிறாராம்.

ஸ்டெல்லாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பாதிப் பெயர் அவளுடையதாயிற்றே.

"ரொட்டியா?" என்றாள். "பதினேழு வருஷமா நாம ரொட்டியாவா இருந்தோம்?"

"வேண்டாம்னா விட்டுடலாம்."

"வித்துடுங்க. ஒரு தடவையாச்சும் நீங்க லாபம் பாத்து நான் பாக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "மாடியில ஒரு ரூம் போடுங்க. காத்து வர்ற மாதிரி ஜன்னல் வெச்சு. நான் வந்து அதுல படுத்துக்கறேன்" என்றாள்.

அன்றைக்கே மனதுக்குள் மாடியில் சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டேன்.

அந்த வாரமே இன்னொரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அதே பெயரை வேறொருவர், ரொட்டிக்காரரைவிடக் கூடுதல் விலைக்குக் கேட்டார். தரகர் யாரும் குறுக்கே வேண்டாம், நேராகவே முடித்துக்கொள்ளலாம் என்றார். 'எங்க மூலமா வராத எதுக்கும் பதில் போடாதீங்க சார்' என்று வித்யா சொல்லியிருந்தாள். கமிஷன் போய்விடும் என்ற பயத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். (புத்திசாலிகள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.)

ஆனாலும் நான் ஏமாளி இல்லை. எஸ்க்ரோ மூலம்தான் விற்பேன் என்று கறாராக எழுதினேன். தாராளமாக என்று பதில் வந்தது. கூடவே எஸ்க்ரோ நிறுவனத்தின் இணைப்பும்.

திருக்காட்டுப்பள்ளியில் விவசாயம் பார்க்கும் என் மைத்துனன் பீட்டர், அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்தவன், எஸ்க்ரோ என்றால் என்னவென்று கேட்டான்.

"நடுவுல ஒரு கம்பெனி. வாங்குறவர் பணத்தை அவங்ககிட்ட கட்டிடுவார். நான் பேரை மாத்திக் குடுத்ததும் அவங்க பணத்தை எனக்கு அனுப்புவாங்க. யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

"அட, பெரிய மனுஷன்கிட்ட பந்தயப் பணம் குடுத்து வெக்கிற மாதிரி" என்றான் பீட்டர். "அருமையான ஏற்பாடு மச்சான். நெல் வியாபாரத்துக்கும் இது வந்தா தேவலை."

இருவரும் அந்த ஏற்பாட்டின் மேன்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். பணம் வந்து சேர்ந்துவிட்டது, பெயரை மாற்றிக் கொடுங்கள் என்று எஸ்க்ரோ பக்கத்தில் பச்சை எழுத்தில் செய்தி தெரிந்தது. ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அவள் ஃபோனைக் கையில் வாங்கி, அந்தப் பச்சை எழுத்தைத் தடவிப் பார்த்தாள். நான் பெயருக்குப் போட்டிருந்த பூட்டைத் திறந்து, அதைக் கைமாற்றித் தரும் குறியீட்டை அனுப்பிவைத்தேன்.

பீட்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர்க் கோயிலில் ஞாயிறு பூசைக்குக் காசு கட்டி, 'டொமைன் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றியாக' என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் கையெழுத்து அப்படி. பங்குச் சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒலிபெருக்கியில் வாசித்தார்: "டொமினிக் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றியாக, பீட்டர் குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி."

கோயில் முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்தது. பூசை முடிந்ததும் ஒரு பெரியவர் பீட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப தம்பி? ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு இருந்தாரா?"

"ரெண்டு வாரமா" என்றான் பீட்டர், விற்பனையைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்து.

"இருந்தாலும் நன்றிப் பூசை வெக்கிறது அவ்வளவு நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

திங்கட்கிழமை பணம் வரவில்லை. எஸ்க்ரோ பக்கமும் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல், ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவின் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்தே வித்யாவை ஃபோனில் கூப்பிட்டேன். வித்யா கோபப்படவில்லை. அதுதான் முதலில் பயமாக இருந்தது.

"அந்த எஸ்க்ரோ முகவரியை எழுத்து எழுத்தா படிங்க சார்."

படித்தேன். சத்தமாக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி. நடுவில் ஓர் எழுத்து இரண்டு முறை வந்தது. உண்மையான நிறுவனத்தின் பெயரில் அது ஒரு முறைதான் வரும். பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயரில் ஒற்று மிகுந்தால் கண்டுபிடிக்கிறவன், பெயர் வியாபாரமே செய்தவன், அந்த ஓர் எழுத்தைப் பார்க்கவில்லை.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

சொன்னேன். டொமினிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன், அழாமல் இருக்க வேறு வழி தெரியாமல்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். நர்ஸ் ஓடிவந்து என்னைத்தான் திட்டினார்.

"பேருல ஒரு எழுத்து கூட்டுனா அதிர்ஷ்டம் வரும்பாங்க" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "யாருக்குன்னு சொல்லவே இல்ல பாருங்க."

மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னாள். எங்கள் புகைப்படங்கள் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திரை, அதில் இந்தப் பெயர் விற்பனைக்கு என்று ஒரு வரி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெனிக்கு நான் எழுதினது?"

பெயரோடு அந்தப் பக்கமும் போயிருந்தது; அவள் எழுதியதற்கு என்னிடம் வேறு நகல் இருக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல இருக்கும், தேடித் தர்றேன்" என்றேன். அவள் நம்பிய மாதிரி தலையாட்டினாள். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் தேடாத இடமில்லை.

போலீசில் புகார் கொடுத்தேன். மரியாதையாகவே எழுதிக்கொண்டார்கள். பெயர் அதற்குள் கை மாறி, நாடு மாறி எங்கேயோ போய்விட்டிருந்தது. வித்யா தன் பங்குக்கு இரண்டு மாதம் அலைந்து பார்த்தாள். ஒரு பைசா வாங்கவில்லை. ஸ்டெல்லாவோ ஊசி போட வருகிறவர்களுக்கெல்லாம் டொமினிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் பெரியவர் வேடத்துக்குக் குரலை மாற்றிப் பேசுவாள். குரல் எழும்பாமல் போனபிறகு, ஜெனியைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் போய்விட்டாள். மாடியில் அறை எழும்பவில்லை.

கல்லறைக் கல்லுக்குச் சொல்ல நானும் ஜெனியும் பீட்டரும் போனோம். கல்லில் வெட்டவேண்டிய பெயரையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார் கல் வெட்டுகிறவர். நான் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினேன். அதற்குள் ஜெனி அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, நீங்க பாக்காதீங்க."

பீட்டர்தான் முதலில் சிரித்தான். அப்புறம் ஜெனி. அப்புறம் நான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கல்லறைக்குக் கல் சொல்ல வந்தவர்கள் இப்படிச் சிரிப்பதை அந்த மனிதர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். உளியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனி சரிபார்த்தாள். பிழையில்லாமல் வந்திருக்கிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போகிறோம். ஜெபம் முடிந்ததும் பீட்டர், "டொமினிக்குக்கும் ஒரு மெழுகுவர்த்தி" என்று தனியாக ஒன்றை ஏற்றிவைப்பான். சின்னப் பிள்ளைகள் டொமினிக் யார் என்று கேட்பார்கள். ஜெனி அவர்களை உட்காரவைத்து, தன் அம்மாவின் குரலிலேயே சொல்ல ஆரம்பிப்பாள்.