யானைக்குப் பின்னால் ஒரு மூஞ்சூறு

ஒரு காட்டில் அரசுப் பள்ளி ஒன்று இருந்தது. அறை ஒன்று, டீச்சர் ஒன்று, பிள்ளைகள் எண்பது. டீச்சர் ஒரு கரடி. அது வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். சாப்பிட்ட பிறகு யாருக்குப் படிப்பு ஏறும்?

அந்த வகுப்பில் கடைசியாகச் சேர்ந்தது வேம்பு என்ற மூஞ்சூறு. அதனால் கடைசி இடம். அதற்கு நேர் முன்னால் மாசாணம் என்ற யானைக்குட்டி. பாவம் வேம்பு, பள்ளிக்கு வந்த நாள்முதல் கரும்பலகையைக் கண்டதே இல்லை. கண்டதெல்லாம் மாசாணத்தின் முதுகுதான். இடத்தை மாற்றிப் போட்டால் தீர்ந்தது என்பீர்கள். அந்த அறையில் யானை திரும்ப வேண்டுமென்றால் முயல்கள் அத்தனையும் வெளியே போய் நிற்க வேண்டும்.

ஒருநாள் கல்வி அலுவலர் நரி ஆய்வுக்கு வந்தது.

"ஐயா, இருபது பிள்ளைக்கு ஒரு டீச்சர்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? இன்னும் மூணு பேரைக் கொடுங்க" என்றது கரடி.

"புதுசா ஆள் எடுக்க உத்தரவு இல்லம்மா. இருக்கிறவங்களை வச்சு சமாளிங்க" என்ற நரி, வகுப்பை ஒரு பார்வை பார்த்தது. "ஆமா, ஒண்ணாம் வாய்ப்பாடு யார் யாருக்குத் தெரியும்?"

கைகள், இறக்கைகள், வால்கள் எல்லாம் உயர்ந்தன. வேம்பும் மாசாணமும் மட்டும் சும்மா இருந்தன.

"தூக்கினவங்க எல்லாரும் இன்னையிலேருந்து தற்காலிக ஆசிரியர்" என்றது நரி. குரங்கு உடனே ஓடிப்போய் ஒரு பிரம்பு ஒடித்து வந்தது. கிளிகள் சம்பள உயர்வு பற்றிப் பேச ஆரம்பித்தன. ஆனால் ஒன்றுகூட அறையை விட்டு நகரவில்லை. வேம்புக்கு அதே முதுகுதான்.

அடுத்த வாரம் காட்டில் தேர்தல் வந்தது. தேர்தல் வேலைக்கு ஆசிரியர்களைத்தான் பிடிப்பார்கள். எந்தக் காட்டிலும் அதுதான் வழக்கம். கரடி முதல் கிளி வரை ஆளுக்கொரு வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டன. போகிற போக்கில் கரடி கரும்பலகையில், 'தேர்தல் பணி. பள்ளி விடுமுறை' என்று எழுதிவிட்டுப் போனது.

மறுநாள் வேம்பு வந்து பார்த்தால் அறை காலி. மாசாணம் மட்டும் உட்கார்ந்திருந்தது. வேம்புக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாசாணம், கொஞ்சம் தள்ளி உக்காருடா."

மாசாணம் தள்ளி உட்கார்ந்தது. கரும்பலகை முழுசாகத் தெரிந்தது. வேம்பு உற்று உற்றுப் பார்த்தது.

"என்னடா எழுதியிருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ எனக்கு முன்னாலதானே இருந்தே?"

"உனக்கு மறைக்குதேன்னு நான் என்னிக்கும் குனிஞ்சேதானே இருந்தேன்."

வேம்புக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது நரி உள்ளே வந்து தலைகளை எண்ணியது. அதன் முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டே ரெண்டு பிள்ளைங்க! இப்படி ஒரு வகுப்பு எந்தக் காட்டிலயும் கிடையாது. இன்னும் ரெண்டு பேர் குறைஞ்சா முதல் பரிசே நமக்குத்தான்" என்று சொல்லி, இரண்டையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

நீதி: வகுப்பில் கூட்டத்தைக் குறைக்க வேண்டுமா? எல்லாரையும் ஆசிரியர் ஆக்கிவிடுங்கள். மீதியைத் தேர்தல் பார்த்துக்கொள்ளும்.