கைதட்டல் முரசு

ஆழிநாட்டு மன்னர் ஐந்தாண்டுக்கொருமுறை குடவோலையில் தேர்ந்தெடுக்கப்படுபவர். அதை அவர் மறந்து வெகுநாளாயிற்று.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் வணிகக் கப்பல்கள் திரும்பிப் போயின. ஆகவே கூண்டு இறக்கப்பட்டது. பிறகு புயல் என்ற சொல்லுக்கே தடை; 'உற்சாகமான காற்று' என்றுதான் சொல்ல வேண்டும். கூரைகள் உற்சாகமாகப் பறந்தன. புயலில் மக்கள் ஒதுங்கவென்று குன்றின் மேலிருந்த மண்டபம் மன்னரின் சிலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. சிலைகள் நனையக்கூடாதல்லவா?

அடுத்தது கைதட்டல் சட்டம். குன்றில் முரசு அதிர்ந்ததும் குஞ்சு குளுவான் உட்பட அனைவரும் ஒரு நாழிகைக்குள் மேலே வந்து, மன்னர் போதும் என்னும்வரை கைதட்ட வேண்டும். வராதவரின் வலை பறிமுதல். அடித்த முரசை நிறுத்த எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை.

முரசடிப்பவள் அஞ்சலாட்சி. கீழே இருந்த ஏழு குப்பங்களில் ஒன்றில் அவள் மகள் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஐப்பசியில் ஒரு காலை வானம் செக்கச்செவேலென்று ஆனது. கடற்பறவைகள் ஊருக்குள் பறந்தன. அஞ்சலாட்சி அமைச்சர் வித்தகசீலரிடம் ஓடினாள்.

"ஐயா, பெருசா வருது. சனத்த மேல கூப்புட்டுக்கிறேன்."

"எது வருகிறது? அப்படி எதற்கும் மன்னர் அனுமதி தரவில்லையே. மனு கொடு, பௌர்ணமிக்குப் பின் பரிசீலிப்போம்."

"அதுவரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்குமாய்யா?"

அவள் முரசை வெளுத்து வாங்கினாள். "கைதட்ட நேரங்காலமே கெடையாதா இந்தாளுக்கு?" என்று திட்டிக்கொண்டே ஏழு குப்பமும் குன்றேறியது. மகளும் பச்சைக் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். தடுக்க ஓடிவந்த வித்தகசீலர், பாதி வழியில் சட்டம் நினைவுக்கு வர, தானும் கைதட்டினார்.

மண்டபக் கதவைப் பெயர்த்து இருபது கல் மன்னர்களை வெளியே உருட்டிவிட்டு மக்கள் உள்ளே புகுந்தார்கள். அன்று கடல் ஏழு குப்பத்தையும் வழித்துக்கொண்டு போனது. விடிந்ததும் தலை எண்ணினார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை! அஞ்சலாட்சி பேரனை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தண்ணீர் வடிந்தபின் மன்னர் வந்தார். "என் சட்டமே உங்களைக் காத்தது. குடவோலை நாளன்று காலையிலேயே வெற்றிக் கைதட்டல் நடக்கும்" என்று அறிவித்தார்.

அந்தக் காலையில் அஞ்சலாட்சியைக் காணவில்லை. வித்தகசீலரே முரசை அடித்தார். ஒரு நாழிகை போனது, ஒருவரும் வரவில்லை. மன்னர் எட்டிப் பார்த்தார். கீழே குடத்தின் முன் நீண்ட வரிசை. முதல் ஆளாக அஞ்சலாட்சி ஓலையைப் போட்டாள். உடனே கைதட்டல் எழுந்து குன்றையே அதிரவைத்தது.

"போதும்!" என்று கத்தினார் மன்னர்.

யாரும் நிறுத்தவில்லை.